சேற்றுக்கும் சேலைக்கும் நடுவே ஒரு ரப்பர் துண்டு!

ஆரணிக்குப் பெயர் தந்தது பட்டு. காஞ்சிப் பட்டுக்கு அடுத்தபடியாக, தமிழ்நாட்டுப் பெண்கள் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் பட்டு ஆரணிப் பட்டு. அது புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது.

அந்தப் பட்டுக்கு ஒரு பகைவன் உண்டு. அவன் பெயர் சேறு!

திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது ஆரணி. ஐப்பசி, கார்த்திகையில் அங்கு வடகிழக்குப் பருவமழை கொட்டும். தீபாவளி வருவதும் அதே சமயத்தில்தான். பட்டு விற்கும் காலமும் மழைக்காலமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. கடைக்குப் போகிறவர் கையில் புதுச் சேலை. அவர் காலடியில் சேற்றுக் குட்டை. அந்த நேரம் பார்த்து ஒரு கார் வேகமாக வந்தால் என்ன ஆகும்?

சொல்ல வேண்டியதே இல்லை. அனுபவிக்காதவர் யார்?

தெருவே பட்டறை

மற்ற ஊர்களில் சேறு தெறித்தால் வேட்டி கெடும், புடவை கெடும். வீட்டுக்குப் போய்த் துவைத்துக்கொள்ளலாம். நெசவு ஊரில் கதை வேறு. அங்கே தெருவும் ஒரு பட்டறை.

தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்குப் பாவு என்று பெயர். குறுக்கே ஓடுவது ஊடை. பாவைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால், அதை நீளமாக இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சி தெளித்து, காய வைக்க வேண்டும். ஒரு பாவில் மூன்று சேலைக்கு நூல் இருந்தால், அது ஏறத்தாழ 60 அடி நீளம் போகும். எந்த நெசவாளி வீட்டில் 60 அடிக் கூடம் இருக்கிறது? ஆகவே தெருவில்தான் நீட்டுவார்கள். அதிகாலை வேளையில், இளவெயிலில், குடும்பமே கூடி நின்று செய்யும் வேலை அது. கணவர் ஒரு முனை, மனைவி ஒரு முனை. அக்கம்பக்கத்தாரும் ஒரு கை கொடுப்பார்கள்.

மழை பெய்யும்போது யாரும் பாவு நீட்டமாட்டார்கள். ஆனால் இரவில் பெய்து காலையில் வெளுத்தால்? வெயில் வந்துவிட்டதே என்று பாவு தெருவுக்கு வரும். தெருவின் குழிகளில் நேற்றைய தண்ணீர் அப்படியே நிற்கும். ஆபத்து அந்தக் காலை வேளையில்தான்.

தெருத் தண்ணீர் வெறும் மண் தண்ணீர் அல்ல. வண்டிகளிலிருந்து சொட்டிய எண்ணெய் அதில் கலந்திருக்கும். டயர்த் தூசி கலந்திருக்கும். சாக்கடையும் கலந்திருக்கலாம். மண் கறை போனாலும் எண்ணெய்க் கறை பட்டை விட்டு எளிதில் போகாது. நெய்து முடித்த பிறகு கறை தெரிந்தால், சேலைக்கு விலை குறையும். பெரும்பாலான நெசவாளர்களுக்கு நூல் சொந்தம் அல்ல. கூட்டுறவுச் சங்கமோ, முதலாளியோ கொடுத்த நூல். கறைக்காக ஏற்படும் நஷ்டம் கூலியில்தான் வந்து விழும். பல நாள் உழைப்பு ஒரு நொடியில் பழுதாகும்!

காரில் போனவருக்கு இது தெரியாது. அவர் அடுத்த தெருவைத் தாண்டியிருப்பார்.

ஒரு துண்டு ரப்பர்

இந்தச் சேற்றைத் தடுக்க ஓர் எளிய சாதனம் இருக்கிறது. அதற்கு மட்பிளாப் என்று பெயர். சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தகடு அது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் அது இருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். கார்களில் சிலவற்றுக்குக் கம்பெனியே போட்டுத் தருகிறது. பலவற்றுக்கு வாங்கியவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது ஊர்ப்புறத்து இளைஞர்களும் வேகமான கார் வாங்குகிறார்கள். டர்போ எஞ்சின், அகலமான டயர், தரையை ஒட்டிய உடம்பு. பார்க்க அழகுதான். ஆனால் "மட்பிளாப் போட்டால் அழகு கெட்டுவிடும்" என்று அவர்களில் சிலர் நினைக்கிறார்கள். அது பழைய லாரிக்கு உரியது என்று எண்ணுகிறார்கள்.

இது தவறான எண்ணம். வேகக் காருக்குத்தான் மட்பிளாப் அதிகம் தேவை!

குடையைச் சுற்றிப் பாருங்கள்

ஏன் என்று பார்ப்போம். நனைந்த குடையைச் சிறுவர்கள் சுழற்றி விளையாடுவார்கள். குடையின் விளிம்பிலிருந்து துளிகள் நேர்கோட்டில் பறக்கும். பக்கத்தில் நிற்பவர் முகத்தில் அடிக்கும். சக்கரமும் அப்படித்தான். டயரில் ஒட்டிய தண்ணீரும் சேறும் சிறு கல்லும், டயர் சுழலும் வேகத்தில் பிய்த்துக்கொண்டு பறக்கின்றன. கார் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ, அதே வேகத்தில் அவை டயரை விட்டுக் கிளம்புகின்றன.

ஒரு சின்னக் கணக்கு. டயரின் அகலம் 20 சென்டிமீட்டர். சாலையில் 3 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அப்படியானால், ஒரு டயர் ஒவ்வொரு நொடியும் 10 லிட்டர் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுகிறது! ஒரு வாளித் தண்ணீர்! முன் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்தால் நொடிக்கு இரண்டு வாளி!

டயர் அகலமானால் இந்தக் கணக்கும் ஏறும். வேகம் கூடினாலும் ஏறும். வேகக் காருக்கு இரண்டும் உண்டு. அதன் உடம்பும் தாழ்வு. அதனால் சக்கரம் எறியும் கல், அதே காரின் அடிப்பாகத்தையும் கதவின் கீழ் விளிம்பையும் பதம் பார்க்கும். வண்ணம் பெயரும். பெயர்ந்த இடத்தில் துரு ஏறும். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பளபளப்பு ஏற்றிய கார், இரண்டே மழைக்காலத்தில் பொரிந்துவிடும்.

பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவர் நிலை என்ன? அவர் கண் மீதே அந்தச் சேறும் கல்லும் படும். கறை பட்ட சேலையை ஒதுக்கி வைக்கலாம். கல் பட்ட கண்ணை என்ன செய்வது?

பந்தய வீரரும் போட்டார்

மட்பிளாப் போட்டால் பந்தயக் கார் மாதிரி இராதே என்று வருந்த வேண்டாம். உண்மை நேர்மாறானது.

கார்ப் பந்தயம் இரண்டு வகை. ஒன்று, வழுவழுப்பான வட்டப் பாதையில் ஓடுவது. சென்னையை அடுத்த சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில் அப்படிப்பட்ட பந்தயங்கள் பல ஆண்டுகள் நடந்தன. 1990-ம் ஆண்டு முதல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே தனிப் பாதை இருக்கிறது. அங்கே சேறு இல்லை. மட்பிளாப்புக்கு வேலையும் இல்லை.

இன்னொரு வகை, ராலி. காட்டு வழி, மண் வழி, சேற்று வழி எல்லாவற்றிலும் கார் பாயும். 1995-ம் ஆண்டு ஸ்காட்லாந்து வீரர் காலின் மெக்ரே, சுபாரு காரில் உலக ராலிப் பட்டம் வென்றார். அந்த நீலக் கார் இன்றும் இளைஞர்களின் கனவுக் கார். அந்தக் காரின் சக்கரங்களுக்குப் பின்னால் தொங்கியது என்ன தெரியுமா? பெரிய பெரிய மட்பிளாப்புகள்! 2013-ம் ஆண்டு ஆசிய பசிபிக் ராலிப் பட்டத்தை வென்ற முதல் இந்தியர் கௌரவ் கில் ஓட்டியதும் இப்படிப்பட்ட பந்தயங்களில்தான்.

மழை பெய்த மறுநாள் ஆரணித் தெரு, இருங்காட்டுக்கோட்டைப் பாதையைப் போல இருக்கிறதா, ராலிக் காட்டு வழியைப் போல இருக்கிறதா? ஊரார் சொல்லட்டும்!

மாட்டும் முறை

வேலை பெரிதல்ல. ஆனால் அவசரப்பட்டால் கெடும். கார் வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் கொடுத்தாலும், கீழே சொல்வதைத் தெரிந்துகொண்டு பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

முதலில், அந்த மாடல் காருக்கென்றே செய்த மட்பிளாப்பைக் கேட்டு வாங்க வேண்டும். காரில் ஏற்கனவே உள்ள துளைகளிலேயே அது பொருந்தும். புதிதாகத் துளை போட வேண்டிய தொல்லை இல்லை. வளைந்து கொடுக்கும் சரக்கு நல்லது. விறைப்பான சரக்கு வேகத்தடையில் இடித்து உடையும்.

காரைச் சமதரையில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றுவதானால், ஜாக்கியில் தூக்குவதற்கு முன்பே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் நுழையக் கூடாது. ஜாக்கி நழுவினால் உயிருக்கு ஆபத்து!

சக்கரக் குழியில் பழைய சேறு இருந்தால் கழுவித் துடைக்க வேண்டும். பிறகு தகட்டை வைத்துப் பார்த்து, ஸ்டீரிங்கை இடக் கோடி வரை ஒரு முறை, வலக் கோடி வரை ஒரு முறை திருப்ப வேண்டும். டயர் தகட்டைத் தொடக் கூடாது. தொட்டால், ஓடும்போது தகட்டைப் பிடித்து இழுத்துக் கிழித்துவிடும். அகல டயர் போட்ட கார்களில் இதை இரண்டு தடவை பார்ப்பது நல்லது.

தகட்டின் அடி விளிம்பு தரையிலிருந்து ஐந்தாறு அங்குலம் மேலே நின்றால் வேகத்தடைக்குப் பயமில்லை. மிகவும் உயர்த்தினால் பயனில்லை. மிகவும் தாழ்த்தினால், பின்னால் எடுக்கும்போது கல்லில் சிக்கிப் பிய்ந்துவிடும். சைலென்சர் குழாயின் சூடு படாத தூரத்திலும் அது இருக்க வேண்டும்.

துளை போட்டே ஆக வேண்டுமானால், அந்த இடத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்த மெக்கானிக்தான் போட வேண்டும். பிரேக் குழாயும் மின்சார ஒயரும் அந்தப் பக்கத்தில்தான் ஓடுகின்றன. துளையின் விளிம்பில் துருவைத் தடுக்கும் பெயின்ட் பூச வேண்டும். துருப் பிடிக்காத திருகாணியும் அகலமான வாஷரும் போட்டால் ரப்பர் கிழியாது.

கடைசியில், சக்கர நட்டுகளை எதிரும் புதிருமாக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். சிறிது தூரம் ஓட்டிய பிறகு மறுபடி ஒரு தடவை முடுக்கிப் பார்க்க வேண்டும். ஒரு வேகத்தடை மீது மெல்ல ஏற்றி இறக்கி, உரசும் சத்தம் கேட்கிறதா என்று கவனித்தால் வேலை முடிந்தது. மழைக்காலத்தில் தகட்டின் பின்னால் சேறு அடைத்துக்கொள்ளும். அதை அவ்வப்போது கழுவாவிட்டால், துருவைத் தடுக்க வந்ததே துருவை வளர்க்கும்.

ஓர் எச்சரிக்கை. மட்பிளாப் போடுகிறேன் என்று காரின் உடம்பை வெட்டுவதும், நம்பர் பிளேட்டை மறைப்பதும் கூடாது. பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாகக் காரின் அமைப்பை மாற்றுவதை, 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது.

சேலைக்குச் சட்டம் உண்டு

நம் நாட்டுச் சட்டத்தில் சேலைக்கு ஏற்கனவே ஓர் இடம் இருக்கிறது. மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்தில் பாதியளவாவது மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்பது, 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி. பின்னால் உட்காருகிறவரின் துணி சக்கரத்தில் சிக்கக் கூடாது என்பதற்காகவே அந்த விதி. 'சேலைக் காப்பு' என்று மக்கள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். வண்டியில் உட்காருகிறவரின் சேலையைக் காப்பது நல்ல விதி. தெருவில் நடக்கிறவரின் சேலையை யார் காப்பது?

இன்னொரு பட்டு நாட்டைப் பார்ப்போம். ஜப்பான் உலகுக்கே பட்டு விற்ற நாடு. அங்கே 1960-ம் ஆண்டு ஒரு சாலைச் சட்டம் செய்தார்கள். சேற்றிலோ குட்டையிலோ வண்டி ஓட்டுகிறவர், சேறு தடுக்கும் சாதனத்தை மாட்ட வேண்டும், அல்லது வேகத்தைக் குறைத்து மெல்லச் செல்ல வேண்டும், எப்படியானாலும் பிறர் மீது சேறு தெறித்துத் தொல்லை தரக் கூடாது என்று அதில் எழுதினார்கள். மீறினால் அபராதம்! பிரிட்டனிலும் குட்டைத் தண்ணீரை நடந்து போகிறவர் மீது வேண்டுமென்றே இறைத்தால், பிறரை மதியாமல் ஓட்டிய குற்றமாகும். லாரிகள் வாரி இறைக்கும் நீரைத் தடுக்கும் சாதனங்களுக்கு 1991-ல் ஐரோப்பிய நாடுகள் பொது விதியே வகுத்தன.

ரப்பர் பாதி, கால் பாதி

ஜப்பான் சட்டம் இரண்டைச் சொல்கிறது. சாதனம் ஒன்று. நிதானம் ஒன்று. அதில் ஓர் உண்மை இருக்கிறது. மட்பிளாப் எல்லாச் சேற்றையும் தடுத்துவிடாது!

டயரில் ஒட்டிச் சுழன்று பின்னால் பறக்கும் சேற்றை அது தடுக்கும். ஆனால் டயர் குட்டையில் விழுந்தவுடன் இரு பக்கமும் பிளந்துகொண்டு பாயும் தண்ணீரை, எந்த ரப்பராலும் தடுக்க முடியாது. தெரு ஓரத்தில் நிற்கிறவரையும், தெருவில் நீட்டிய பாவையும் நனைப்பது பெரும்பாலும் இந்தப் பக்கத் தண்ணீர்தான். அதைத் தடுக்க வல்லது ஒன்றே ஒன்று: ஓட்டுகிறவரின் கால்!

முன்பு சொன்ன கணக்கை மறுபடி பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 10 லிட்டர். 20 கிலோமீட்டராகக் குறைத்தால் நொடிக்கு மூன்றேகால் லிட்டர்தான். வேகம் மூன்றில் ஒரு பங்கானால், தண்ணீர் எழும்பும் உயரம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். நெஞ்சு உயரம் எழும்பியது கணுக்காலோடு நின்றுவிடும். இன்னும் குறைத்து நடை வேகத்தில் போனால், குட்டை சலசலக்கும், அவ்வளவுதான். இதற்குச் செலவு? ஒரு காசு இல்லை. அரை நிமிட நேரம்!

ஆகவே, மட்பிளாப் போட்டாயிற்று, இனி எப்படியும் ஓட்டலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ரப்பர் பாதி வேலை செய்யும். மறு பாதியை மனிதர்தான் செய்ய வேண்டும்.

யார் யார் என்ன செய்யலாம்?

கார் வைத்திருக்கும் குடும்பங்கள் ஐப்பசி பிறப்பதற்கு முன்பே நான்கு சக்கரத்துக்கும் மட்பிளாப் போட்டுவிட வேண்டும். மகன் அகல டயர் கேட்டால், தந்தை அதோடு மட்பிளாப்பும் வாங்கிக் கொடுக்கட்டும். மோட்டார் சைக்கிளின் முன் மட்கார்டில் தொங்கும் ரப்பர் கிழிந்திருந்தால், அதையும் மாற்றட்டும்.

கார் அலங்காரக் கடைக்காரர்கள் அகல டயரை விற்கும்போதே, "இதற்கு மட்பிளாப் வேண்டாமா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். அவர்களுக்கும் வியாபாரம். ஊருக்கும் நன்மை.

நகராட்சிக்கும் பொறுப்பு உண்டு. குழி இல்லாத தெருவில் குட்டை ஏது? நெசவாளர் தெருக்களின் குழிகளை மழைக்கு முன்பே மூட வேண்டும். பாவு நீட்டும் தெருக்களில், அந்தக் காலை நேரத்தில் மெல்லச் செல்லும்படி ஓர் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். அதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவை இல்லை. ஒரு கம்பமும் ஒரு பலகையும் போதும்.

நெசவாளர்களும் பாவு நீட்டும்போது தெரு முனையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைத்தால், புதிதாக வரும் ஓட்டுநருக்கு விஷயம் விளங்கும்.

வெளியூரிலிருந்து கல்யாணப் பட்டு வாங்கக் கார் போட்டுக்கொண்டு ஆரணிக்கு வருகிறவர்கள் ஏராளம். தாம் வாங்கப் போகும் சேலை, எங்கோ ஒரு தெருவில் பாவாக நீட்டிக் கிடந்ததுதான் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பாவின் மீது சேற்றை இறைத்துவிட்டு, கடைக்குப் போய், "கறை இல்லாத சேலையாகக் காட்டுங்கள்" என்று கேட்பது என்ன நியாயம்?

வேகக் கார் வாங்குவது தவறில்லை. உழைத்துச் சம்பாதித்தவர் ஆசைப்பட்டதை வாங்கட்டும். நெடுஞ்சாலையில் சட்டம் அனுமதித்த வேகத்தில் ஓட்டி மகிழட்டும். ஆனால் தெருவுக்குள் நுழைந்தால், அங்கே தெரு காருக்கு மட்டும் சொந்தமல்ல. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் சொந்தம். பாவு நீட்டும் தாய்க்கும் சொந்தம்.

கார் வைத்திருப்பவர்கள் ஒரு ரப்பர் துண்டும் கொஞ்சம் நிதானமும் சேர்த்து வைத்துக்கொண்டால், வரும் மழைக்காலத்தில் ஒரு நெசவாளியின் கூலியாவது பிழைக்கும். செய்வார்களா?